இறந்தவர்களைத் தூங்க வைப்பவள்: ‘சாப்ரியல்’ நாவல் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்த் நிக்ஸ் எழுதிய ‘சாப்ரியல்’ நாவலை இதுவரை எத்தனை பேர் கையில் திணித்திருப்பேன் என்று கணக்கில்லை. வாங்கிப் போகிறவர்கள் இரண்டு வகை. மூன்றாம் நாளே “என்ன இது, ஒரே இருட்டா இருக்கு” என்று திருப்பித் தருபவர்கள் ஒரு வகை. திருப்பியே தராதவர்கள் இன்னொரு வகை. ஆனால் இரண்டு பேரும் கேட்கும் கேள்விகள் என்னவோ ஒன்றுதான். தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் மொத்தமாக எழுதி வைக்கிறேன். கதையின் முடிவு கடைசிப் பகுதியில்தான் வரும். அங்கே முன்கூட்டியே சொல்லிவிடுவேன், பயப்படாமல் படிக்கலாம்.

இது என்ன கதை? இரண்டு நிமிடத்தில் சொல்லுங்கள்.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நாடுகள், நடுவில் ஒரு பழங்காலச் சுவர். தெற்கே ஆன்செல்ஸ்டியர். அங்கே கார் ஓடும், தொலைபேசி அடிக்கும், சிப்பாய்கள் துப்பாக்கி வைத்திருப்பார்கள். ஏறக்குறைய முதல் உலகப் போர்க் காலத்து இங்கிலாந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். வடக்கே பழைய ராஜ்யம். அங்கே இயந்திரம் வேலை செய்யாது, மந்திரம் வேலை செய்யும். செத்தவர்கள் செத்தபடி கிடக்க மாட்டார்கள்.

சாப்ரியலுக்கு 18 வயது. தெற்கே வைவர்லி என்ற பெண்கள் விடுதிப் பள்ளியில் கடைசி வருடம் படிக்கிறாள். அவள் அப்பா வடக்கே அப்ஹார்சன். அது அவர் பெயர் இல்லை, பதவி. பிணங்களை எழுப்பி வேலை வாங்கும் மந்திரவாதிகள் அந்த நாட்டில் உண்டு. அவர்கள் எழுப்பியதைத் திரும்பப் படுக்க வைப்பதுதான் அப்ஹார்சனின் உத்தியோகம். ஓர் இரவு பள்ளி விடுதிக்குள் உயிரில்லாத உருவம் ஒன்று வந்து அப்பாவின் வாளையும், செத்தவர்களை அடக்க அவர் அடிக்கும் மணிகளையும் அவளிடம் சேர்த்துவிட்டுப் போகிறது. அவற்றைக் கையைவிட்டு இறக்காத மனிதர் அவர். அப்படியென்றால் திரும்பி வர முடியாத இடத்தில் மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம். மகள் சுவரைத் தாண்டித் தேடிப் போகிறாள்.

சாப்ரியலா, சேப்ரியலா?

நான் சாப்ரியல் என்கிறேன். யாரும் இதுவரை சண்டைக்கு வரவில்லை.

எழுதியவர் யார்? புதிய புத்தகமா?

புதியது இல்லை. 1995-ல் ஆஸ்திரேலியாவில் வந்தது. கார்த் நிக்ஸ் 1963-ல் மெல்போர்னில் பிறந்து கான்பெராவில் வளர்ந்தவர். 1995-க்கான ஆரியலிஸ் விருது (ஆஸ்திரேலிய ஃபேன்டஸி, அறிவியல் புனைவுகளுக்கான விருது) இந்த நாவலுக்கு இரண்டு பிரிவில் கிடைத்தது. சிறந்த ஃபேன்டஸி நாவல் ஒன்று, சிறந்த இளையோர் நாவல் ஒன்று. ‘டார்க் ஃபேன்டஸி’ என்ற முத்திரையோடு கடைகளில் இளையோர் நாவல்கள் குவிவதற்குப் பல வருடம் முன்பே வந்தது என்பதைக் கவனியுங்கள். அதனால்தானோ என்னவோ, பிறகு வந்த பல நாவல்களில் பார்த்துச் சலித்த சங்கதிகள் இதில் இல்லை. பள்ளிக்கூட அரசியல் இல்லை, முக்கோணக் காதல் இல்லை, ‘நீதான் தேர்ந்தெடுக்கப்பட்டவள்’ என்று ஒரு கிழவர் வந்து சொல்வதும் இல்லை. அவளுக்கு வருவது குடும்பத் தொழில்.

இன்னொரு துணுக்கு: அப்ஹார்சன் என்ற பெயரை ஒட்டிய ஒரு பாத்திரம் ஷேக்ஸ்பியரின் ‘மெஷர் ஃபார் மெஷர்’ நாடகத்தில் வருகிறது. அங்கே அவன் சிறைச்சாலையின் மரண தண்டனை நிறைவேற்றுபவன்.

பேய்க் கதையா? ராத்திரி தூக்கம் வருமா?

பேய்க் கதை என்று நினைத்து எடுத்தால் கொஞ்சம் ஏமாற்றம்தான். கதவு கிறீச்சிடுவது, கண்ணாடியில் முகம் தெரிவது மாதிரி திடுக்கிட வைக்கும் வேலை இதில் குறைவு. இதன் பயம் வேறு மாதிரி, குளிர் மாதிரி மெதுவாக ஏறுகிறது.

மார்டிகன்ட் என்று ஒன்று வருகிறது. சதுப்பு நிலத்துக் களிமண்ணும் மனித ரத்தமும் சேர்த்துச் செய்து, அதற்குள் இறந்த ஆவி ஒன்றைப் புகுத்தி விடுவார்கள். அவள் போகும் பாதையில் பின்னாலேயே வரும், அவ்வளவுதான். சாப்ரியல் பனியில் சறுக்கிக்கொண்டு போகிறாள், திரும்பிப் பார்க்கிறாள், தூரத்தில் தெரிகிறது. இன்னும் கொஞ்ச தூரம் போகிறாள், அது இன்னும் கொஞ்சம் பக்கத்தில். இந்தப் பகுதியை நான் முதலில் படித்தது ஓர் ஐப்பசி மழை இரவில், கரண்ட் போன பிறகு, போன் வெளிச்சத்தில். பேட்டரி 9 சதவீதம். ஒரு புத்தகத்துக்கு அதைவிட நல்ல ஏற்பாடு யாரும் செய்து தர முடியாது.

பிணக் காகங்கள் என்று ஒரு கூட்டமும் உண்டு. செத்த காகங்களின் உடம்பில் ஒரே ஆவியைத் துண்டு துண்டாகப் பிரித்து அடைத்துப் பறக்கவிட்டிருப்பார்கள். பறக்கப் பறக்க சதை அழுகி உதிரும். எனக்கு அது பயத்தைவிட அருவருப்பு. காகத்துக்குச் சோறு வைத்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் பக்கம் இன்னும் ஒரு மாதிரி இருக்கும்.

எல்லாரும் இதன் ‘சூழல்’ பற்றியே பேசுகிறார்களே, அதில் அப்படி என்ன?

முதல் பக்கத்தைப் பாருங்கள். சுவருக்குத் தெற்கே நண்பகல் வெயில், மேகமே இல்லை. வடக்கே மாலை, மூட்டம், மழை பிடித்துக்கொள்கிறது. இடையில் நடந்து போகும் தூரம்தான். இந்த ஒரே காட்சியில் இரண்டு உலகமும் வந்துவிட்டது, வரைபடம் தேவையில்லை. ஹேட்ரியன் சுவரின் புகைப்படம் ஒன்றில் முன்னால் பசும்புல்லும் பின்னால் பனி மூடிய குன்றுகளுமாக இருந்ததைப் பார்த்ததிலிருந்து இந்த எண்ணம் வந்ததாக நிக்ஸ் சொல்லியிருக்கிறார். வட இங்கிலாந்தில் ரோமானியர்கள் கி.பி. 122-ல் கட்டத் தொடங்கிய சுவர் அது.

என்னைப் பிடித்து இழுத்தது சுவரைவிட அதற்குத் தெற்கே இருக்கும் ராணுவ எல்லைதான். முள்கம்பி, பதுங்குகுழி, காவல் கோபுரம் எல்லாம் உண்டு. எச்சரிக்காமல் சுட்டுவிடுவோம் என்று எச்சரிக்கும் அறிவிப்புப் பலகை ஒன்றும் உண்டு. அங்கே காவல் நிற்கும் சிப்பாய்கள் காக்கிச் சீருடைக்கு மேல் சங்கிலிக் கவசம் போட்டிருக்கிறார்கள். கையில் துப்பாக்கி, இடுப்பில் வாள். ஏன் என்றால் வடக்கிலிருந்து காற்று வீசினால் துப்பாக்கி வெடிக்காது, மின்விளக்கு எரியாது. தெற்கே தூரத்து நகரத்தில் இருக்கும் அதிகாரிகளோ இதையெல்லாம் நம்புவதே இல்லை. அரசு அலுவலகத்தோடு ஒரு தடவையாவது மல்லுக்கட்டியவர்களுக்கு இந்த இடம் சிரிப்பு வரவழைக்கும்.

நிக்ஸ் சில வருடம் ஆஸ்திரேலிய ராணுவத்தின் பகுதிநேரப் படைப்பிரிவில் இருந்தவர். அந்த அனுபவம் இங்கே தெரிகிறது. சிப்பாய்கள் வீரவசனம் பேசுவதில்லை. களைத்திருக்கிறார்கள், ஒருவரை ஒருவர் கவனித்துக்கொள்கிறார்கள், யார் எந்த நேரத்தில் எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

எல்லையில் இறந்த சிப்பாய்கள் எழுந்து வந்துவிடாமல் இருக்க சாப்ரியலின் அப்பா அங்கே காற்றுக் குழல்களை நட்டு வைத்திருக்கிறார். காற்று அவற்றின் வழியே போகும்போது எழும் ஒலிதான் செத்தவர்களைத் தடுத்து நிறுத்துகிறது. அவர் இறந்தால் குழல்களும் ஊமையாகும். ஒரு மனிதரின் மூச்சு நின்றால் ஒரு முழு எல்லையும் திறந்துவிடும். இதை ஆசிரியர் விளக்கிக்கொண்டு இருப்பதில்லை. குழல் ஒலிப்பதைக் கேட்க வைக்கிறார், அப்புறம் நம்மை அதைப் பற்றியே கவலைப்பட வைக்கிறார்.

மரணம் ஒரு நதி என்கிறார்களே. நம் வைதரணி மாதிரியா?

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். கொஞ்சம் ஒற்றுமை, நிறைய வேற்றுமை. வைதரணியில் பாவக்கணக்கு உண்டு. கொடுத்த தானத்தைப் பொறுத்துக் கடப்பது எளிதாகும் அல்லது கடினமாகும். நிக்ஸின் நதிக்குக் கணக்கு வழக்கே கிடையாது. நல்லவன், கெட்டவன், குழந்தை, ராணி எல்லாருக்கும் ஒரே தண்ணீர், ஒரே இழுப்பு. சாம்பல் நிற வெளிச்சம். உயிரையே உறைய வைக்கும் குளிர். அதில் ஒன்பது வாயில்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகப் போகத் தண்ணீரின் குணம் மாறும். ஓரிடத்தில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள், ஓரிடத்தில் திடீர் அலை, கடைசிக்கு முந்தைய பகுதியில் நீர்மேல் தீ. (இந்த விவரமெல்லாம் இதே வரிசையின் மூன்றாம் நூலில்தான் முழுசாக வருகிறது.) ஒன்பதாவது வாயிலுக்கு அப்பால் நட்சத்திரங்கள். அங்கே போனவர்கள் போனவர்கள்தான்.

அப்ஹார்சன் வம்சத்துக்காரர்கள் உயிரோடு இந்த நதியில் இறங்கித் திரும்பலாம். அவர்கள் உள்ளே நடந்துகொண்டிருக்கும்போது உடம்பு இந்தப் பக்கம் சிலை மாதிரி நிற்கும், அதன்மேல் பனி படியும். அந்த நேரத்தில் யாராவது வந்து உடம்பை வெட்டினால் கதை முடிந்தது. அதனால் ஒவ்வொரு தடவை அவள் உள்ளே இறங்கும்போதும் நமக்கு இரண்டு கவலை. உள்ளே என்ன ஆகும் என்பது ஒன்று. வெளியே தனியாக நிற்கும் அந்த உடம்பு இன்னொன்று.

நம் ஊரில் ஒருவர் இறந்தால் ‘போய்ச் சேர்ந்துட்டார்’ என்கிறோம். இந்த நாவலின் பிரச்சினையே போனவர்கள் போய்ச் சேராததுதான். தண்ணீரின் இழுப்புக்கு எதிராகப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, யாராவது வழிவிட்டால் திரும்பி வந்துவிடலாம் என்று காத்திருக்கிறார்கள். அவர்களைக் கொடூரமானவர்கள் என்று மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. யாருக்குத்தான் போய்ச் சேரப் பிடிக்கும்?

ஏழு மணிகளும் எனக்குக் குழம்புகின்றன. எப்படி நினைவில் வைப்பது?

அவள் மார்பின் குறுக்கே ஒரு தோல் வார். அதில் ஏழு உறைகள். முதல் உறை மாத்திரைக் குப்பி அளவுதான், ஏழாவது ஒரு ஜாடி அளவு. மணியின் நாக்கு தானாக ஆடிவிடாதபடி உறைக்குள் இறுக்கி வைத்திருப்பாள். இருப்பதிலேயே சின்னது ரன்னா, அது தூங்க வைக்கும். அடுத்து மோஸ்ரேல், அது எழுப்பும். ஆனால் செத்தவனை எவ்வளவு மேலே இழுக்கிறதோ அவ்வளவு உன்னைக் கீழே தள்ளும், சீசா பலகை மாதிரி. கிபெத் நடக்க வைக்கும். கவனம் தப்பினால் அடித்தவளையே நடத்திக்கொண்டு போய்விடும். டைரிம் குரல் கொடுக்கும் அல்லது வாயை அடைக்கும். பெல்கேர் நினைவைத் திருப்பித் தரும் அல்லது துடைத்துவிடும். சாரனெத் கட்டிப்போடும், அதிகாரத்தின் மணி. ஏழாவது அஸ்டரேல், அழுகையின் மணி. அதைக் கேட்கிற எல்லாரும் மரணத்துக்குள் போவார்கள், அடித்தவர் உட்பட.

எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். சின்னதைக் கண்டு கொஞ்சம் பயப்படுங்கள், பெரியதைக் கண்டு ரொம்பப் பயப்படுங்கள், போதும். சாவு வீட்டுச் சேகண்டியும் சங்கும் தெருமுனையில் கேட்டாலே விளையாட்டை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் ஓடிய பிள்ளை நான். ஒலிக்கும் சாவுக்கும் உள்ள உறவை எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்த விஷயம், ஒவ்வொரு மணிக்கும் ஒரு விலை இருப்பது. மந்திரம் இங்கே வரம் இல்லை, கைத்தொழில். சரியான மணி, சரியான வீச்சு, சரியான நேரம். தவறினால் கருவியே எஜமான் ஆகிவிடும்.

சாப்ரியல் எப்படிப்பட்டவள்? வாள் சுழற்றும் வீராங்கனையா?

வாளும் சுழற்றுவாள். ஆனால் அவளுடைய பள்ளிச் சான்றிதழைப் படித்தால் ஆள் யார் என்று புரியும். ஆங்கிலத்தில் முதலிடம், இசையில் முதலிடத்தை இன்னொருத்தியோடு பகிர்கிறாள், கணக்கில் மூன்றாவது, அறிவியலில் ஏழாவது, சண்டைக் கலையில் இரண்டாவது, நடத்தை நாகரிகத்தில் நான்காவது. மந்திரத்தில் யாரும் கிட்டே வர முடியாத முதலிடம், அது மட்டும் சான்றிதழில் அச்சாகாது. அறிவியலில் ஏழாவது என்பதைப் படித்ததும் எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

நிறையத் தெரிந்தவள், தன் சொந்த நாட்டைப் பற்றி ஒன்றுமே தெரியாதவள். அப்பா அவளைப் பத்திரமாக வளர்க்க நினைத்துத் தெற்கே வைத்துவிட்டார். அதனால் வடக்கில் இருக்கும் ஒவ்வொருவரும் அவளை ‘அப்ஹார்சன்’ என்று அழைக்கும்போது, இல்லை, அது அப்பா என்கிறாள். எத்தனை பக்கம் வரை அப்படிச் சொல்கிறாள், எந்தப் பக்கத்தில் சொல்வதை நிறுத்துகிறாள் என்று கவனித்துக்கொண்டே வாருங்கள். கதை அங்கேதான் நடக்கிறது.

பூனை?

மாகெட். வெள்ளைப் பூனை, பச்சைக் கண், சிவப்புக் கழுத்துப்பட்டை, அதில் ஒரு குட்டி மணி. அது பூனையே இல்லை. அப்ஹார்சன்களுக்குப் பல தலைமுறையாக அடிமையாகக் கட்டப்பட்டிருக்கும் பழைய சக்தி ஒன்று. கிண்டல் பேசும், மீன் கேட்கும், தூங்கும், உதவி செய்யும். கழுத்துப்பட்டை கழன்றால் அந்த நிமிடமே எஜமானியைக் கொல்லப் பார்க்கும். அது துரோகமும் இல்லை, கட்டி வைக்கப்பட்டது அவிழ்ந்தால் அப்படித்தான் இருக்கும். பூனை வளர்ப்பவர்களுக்கு இது ஒன்றும் புதிதாகத் தோன்றாது.

காதல் உண்டா?

உண்டு, கொஞ்சம். டச்ஸ்டோன் என்று ஓர் இளைஞன். இருநூறு வருடம் ஒரு கப்பலின் முகப்பில் மரச் சிலையாக உறைந்திருந்தவன். தன் நிஜப் பெயரைச் சொல்ல வெட்கப்பட்டு, ஒரு கோமாளியின் பெயரை வைத்துக்கொண்டிருக்கிறான். நல்ல பையன்தான். ஆனால் காதல் வளரும் வேகத்தை என்னால் நம்ப முடியவில்லை. இரண்டு நாள் ஒன்றாக உயிர் தப்பினால் காதல் வந்துவிடும் என்பது ஆசிரியரின் கணக்கு.

எந்த வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கலாம்?

பொதுவாக 13 வயதுக்கு மேல். பிணங்கள் நிறைய, ரத்தம் ஓரளவு. உறைந்த சிலை ஆடையில்லாமல் இருக்கிறது, சாப்ரியல் அதைக் கவனிக்கிறாள், அதற்கு மேல் ஒன்றுமில்லை. அதைவிடப் பெற்றோர் யோசிக்க வேண்டியது வேறு. வீட்டில் சமீபத்தில் ஒரு சாவு நடந்திருந்தால் பிள்ளையின் மனநிலையைப் பார்த்துக் கொடுங்கள். சிலருக்கு இது ஆறுதல். சிலருக்கு நேரம் சரியாக இருக்காது. முயல் வளர்க்கும் பிள்ளை என்றால் முதல் அத்தியாயத்தை நீங்கள் முதலில் படித்துவிடுங்கள்.

ஆங்கிலம் கடினமா?

சுமார் 300 பக்கம். வாக்கியங்கள் எளிமை, பெயர்கள்தான் பல்லை உடைக்கும். முதல் ஐம்பது பக்கத்துக்கு அகராதி எடுக்காமல் படியுங்கள், பிறகு ஓடும். காதால் கேட்பவர்களுக்கு டிம் கர்ரி வாசித்த ஒலிநூல் இருக்கிறது. மாகெட்டின் கிண்டலுக்காகவே கேட்கலாம்.

குறையே இல்லையா?

ஏன் இல்லை? வில்லன் கெரிகாருக்குக் கெட்டவன் என்பதைத் தவிர வேறு குணம் கிடையாது. அவன் யார், அரச குடும்பத்தில் என்ன செய்தான் என்ற முன்கதை பிரமாதம். ஆனால் கண்முன் வரும்போது வெறும் கறுப்புத் தீயும் கர்ஜனையும்தான். மந்திரத்தில் சாசன மந்திரம், கட்டற்ற மந்திரம் என இரண்டு வகை உண்டு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இந்த முதல் நூல் சரியாக விளக்குவதில்லை.

என் பெரிய புகார் இன்னொன்று. பழைய ராஜ்யத்தில் மனிதர்களே இல்லாத மாதிரி இருக்கிறது. நெஸ்டோவ் என்ற மீனவக் கிராமம் வருகிறது. செத்தவர்கள் ஓடும் தண்ணீரைத் தாண்ட மாட்டார்கள் என்பதால் பிழைத்தவர்கள் எதிரில் இருக்கும் தீவுக்கு ஓடிப்போய் ஒண்டியிருக்கிறார்கள். அருமையான இடம். அங்கே இன்னும் இரண்டு நாள் தங்கியிருக்கலாம். இருபது வருடமாக ஆட்சியே இல்லாத நாட்டில் யார் உழுகிறார்கள், யார் வரி கேட்கிறார்கள், பிணங்கள் நடக்கும் ஊரில் இழவுச் சடங்கு எப்படி நடக்கும் என்றெல்லாம் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. நிக்ஸுக்கு அவசரம்.

(இனி முடிவு வரை பேசப் போகிறேன். படிக்காதவர்கள் கடைசிக் கேள்விக்குப் போய்விடுங்கள்.) அவளால் செத்தவர்களை எழுப்ப முடியும் என்றால் அப்பாவை ஏன் எழுப்பவில்லை?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டவள் என் அக்கா மகள், அப்போது அவளுக்கு 14 வயது. அவள் கேட்ட விதம் இது: “சித்தி, முயலை எழுப்பினா. அப்பாவை விட்டுட்டா. இதுல என்ன நியாயம்?”

முதல் அத்தியாயத்தில் ஒரு சின்னப் பெண்ணின் செல்ல முயல் வண்டியில் அடிபட்டுச் செத்துக் கிடக்கிறது. செய்யக் கூடாது என்று தெரிந்தும் சாப்ரியல் மரணத்துக்குள் எட்டிப் பிடித்து அதை இழுத்து வருகிறாள். அதற்கு முன்பே, முன்கதையில், அவள் அப்பாவும் இதைத்தான் செய்திருக்கிறார். அவள் பிறக்கும்போதே இறந்து பிறந்தவள். அவர் நதியில் இறங்கிக் குழந்தையை மீட்டு வந்தார். அதே இடத்தில் அவள் அம்மாவும் பிரசவத்தில் இறந்து கிடக்கிறாள். அம்மா திரும்பவில்லை.

ஆக, செத்தவர்களைத் திரும்ப வரவிடாமல் தடுப்பதே வேலையாகக் கொண்ட குடும்பம், தன் கதையை ஒரு மீட்பில்தான் தொடங்குகிறது. முதல் தடவை படித்தபோது இதை நான் கவனிக்கவே இல்லை. இரண்டாம் தடவை பென்சிலோடு உட்கார்ந்து, யார் யார் திரும்பி வந்தார்கள், யார் வரவில்லை என்று அட்டையின் உள்பக்கத்தில் எழுதினேன். வந்தவர்கள்: குழந்தை, முயல், கடைசியில் சாப்ரியல். வராதவர்கள்: அம்மா, அப்பா, எல்லைக் காவல் படையின் கர்னல் ஹொரைஸ், கடைசிச் சண்டையில் பள்ளிக்கூடத்தில் இறக்கும் மாணவிகள். இந்த நாவலின் இருட்டு பிணங்களிலோ மழையிலோ இல்லை, இந்தப் பட்டியலில் இருக்கிறது. இதற்கு எந்த நியாயத்தையும் ஆசிரியர் கற்பிக்கவில்லை. அக்கா மகள் கேட்டது சரியான கேள்வி, பதில் ‘ஒரு நியாயமும் இல்லை’ என்பதுதான்.

அப்பாவைத் தலைநகரத்து அரண்மனைக்கு அடியில், நீர்த்தேக்கத்தில் கண்டுபிடிக்கிறாள். உடம்பு இருக்கிறது, உயிர் நதியில் ரொம்ப நேரமாக மாட்டியிருக்கிறது. இழுத்து வருகிறாள்தான், ஆனால் அவ்வளவு நாள் உள்ளே இருந்தவருக்கு இந்தப் பக்கம் கிடைப்பது கொஞ்ச நேரமே. அந்தக் கொஞ்ச நேரத்தின் பெரும்பகுதி வேலையைப் பற்றிய பேச்சில் போய்விடுகிறது. எதை எங்கே தேடு, யாரை நம்பு, எதிரியின் உடம்பு எங்கே ஒளித்து வைக்கப்பட்டிருக்கும், இப்படி. பிறகு அவரே ஏழாவது மணியை எடுக்கிறார்.

படிக்கும்போது கோபம் வந்தது. மகளைப் பல மாதம் கழித்துப் பார்க்கிறவர் இப்படியா பேசுவார்? அப்புறம் ஒரு வருடத்தில் எங்கள் அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். ஒரு நாளைக்கு ஒருவருக்கு ஐந்து நிமிடம். முகமூடியை விலக்கிவிட்டு என்னிடம் கேட்டது: “வீட்டு வரி கட்டியாச்சா? ரசீது பீரோவுல மேல் தட்டுல இருக்கு, அம்மாவுக்குத் தெரியாது.” மீதி நேரமும் அதைப் பற்றித்தான் பேசினோம். எங்கள் அப்பா வீடு திரும்பினார், ரசீதைச் சரிபார்த்தார். அந்த அத்தியாயத்தின்மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை.

மயானம் காத்த அரிச்சந்திரன் ஞாபகம் வராமல் இந்தப் பகுதியைப் படிப்பது நமக்குக் கஷ்டம். சொந்த மகனின் உடல் வந்தாலும் கூலி கேட்டு நின்றவன். அங்கே கடைசியில் தெய்வம் வந்து மகனை எழுப்பித் தந்துவிடும். இங்கே தெய்வம் யாரும் வருவதில்லை.

கடைசியில் அவள் இறந்து திரும்பி வருவது ஏமாற்று வேலை இல்லையா?

பாதி ஆமாம். நானும் கொஞ்சம் முகம் சுளித்தேன். ஆனால் யார் அவளைத் திருப்பி அனுப்புகிறார்கள், ஏன் அனுப்புகிறார்கள் என்று பாருங்கள். கடைசி வாயிலுக்குப் பக்கத்தில் அவளுக்கு முன்பிருந்த அப்ஹார்சன்கள் வந்து வழிமறிக்கிறார்கள். அவள் பாவம் என்றோ சின்ன வயது என்றோ அவர்கள் சொல்லவில்லை. நீ போய்விட்டால் இந்த வேலையைப் பார்க்க ஆள் இல்லை, உன் இடத்துக்கு ஒருவர் வரும்வரை நீ வரக் கூடாது, அவ்வளவுதான். காலிப் பணியிடம்! பதவிக்கு வாரிசு இல்லை என்பதற்காக ஒரு பெண் உயிரோடு திருப்பி அனுப்பப்படுகிறாள். மூச்சு வரும்போது வயிற்றில் குத்திய வாளின் வலியும் சேர்ந்தே வருகிறது, சுற்றிலும் அவள் தோழிகளில் சிலர் இறந்து கிடக்கிறார்கள். அவர்கள் திருப்பி அனுப்பப்படவில்லை.

இரண்டாம் நூலில் சாப்ரியலுக்கு ஒரு மகள் இருக்கிறாள், பெயர் எல்லிமியர். முதல் நூலில் அது பள்ளித் தோழி ஒருத்தியின் பெயர். ஆசிரியர் இதைச் சுட்டிக்காட்டக்கூட இல்லை. நீங்களாகக் கவனித்தால் உண்டு.

அடுத்து எதைப் படிப்பது?

வெளிவந்த வரிசையிலேயே போங்கள். ‘லிரேல்’ 2001, ‘அப்ஹார்சன்’ 2003. இவை இரண்டும் உண்மையில் ஒரே நாவலின் இரண்டு பாதி, அதனால் இரண்டையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். முதல் பாதியை முடித்துவிட்டு இரவு பதினொரு மணிக்கு இரண்டாவது இல்லாமல் உட்கார்ந்திருப்பது கொடுமை. ‘லிரேல்’ ஒரு நூலகத்தில் நடக்கிறது, அதில் ஒரு நாய் வருகிறது, அந்த நாயைப் பற்றி நான் இங்கே எழுத மாட்டேன். ‘கிளாரியல்’ (2014) பல நூறு வருடம் முந்தைய கதை. ‘கோல்டன்ஹேண்ட்’ (2016) மூன்றாம் நூலுக்குப் பிறகு. ‘டெர்சியல் அண்ட் எலினார்’ (2021) சாப்ரியலின் அப்பா அம்மா சந்தித்த கதை. அதைக் கடைசியில் படியுங்கள். அவர்கள் இருவருக்கும் என்ன ஆகப்போகிறது என்று நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது.

உங்கள் பிரதியைக் கொஞ்சம் தருவீர்களா?

அது அக்கா மகளிடம் இருக்கிறது. இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் போயிருந்தபோது அலமாரியில் பார்த்தேன். அட்டையின் உள்பக்கத்தில் நான் பென்சிலில் எழுதிய பட்டியலுக்குக் கீழே, ‘வராதவர்கள்’ வரிசையில், அவள் நீல மையில் இன்னொரு பெயர் சேர்த்திருந்தாள். மூன்றாம் நூலில் வரும் பெயர், யாருடையது என்று சொல்ல மாட்டேன். புத்தகத்தைத் திருப்பிக் கேட்காமல் வந்துவிட்டேன்.